ஸத்தீவா, ஸத்தீவஸ், ஸத்தீவம்: ஒரே சொல்லுக்கு மூன்று ஈறு ஏன்?

நடவுக்காரி:

வணக்கம் நண்பர்களே. தோட்டத்துச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். நெல்லுக்கு ஒரைசா சட்டைவா, முள்ளங்கிக்கு ரஃபானஸ் சட்டைவஸ், பூண்டுக்கு அல்லியம் சட்டைவம் என்று இருக்கிறது. மூன்றும் ஒரே சொல்தானா? அப்படியென்றால் பொருள் என்ன, ஈறு ஏன் மாறுகிறது?

முன்பெயர் 'அஸ்' என்று முடிந்தால் பின்பெயரும் 'அஸ்' என்று முடியும் என வைத்துக்கொண்டேன். ஆனால் புளிக்கு டமரிண்டஸ் இண்டிகா, அரசுக்கு ஃபைகஸ் ரிலிஜியோசா. வெங்காயமோ அல்லியம் சீபா. பலகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் விதி தெரிய வேண்டும்.

வேரடி:

மூன்றும் ஒரே சொல்தான். முதலில் உச்சரிப்பு. 'சட்டைவா' என்பது ஆங்கிலேயத் தாவரவியலாளர் வாய்வழி வந்தது. லத்தீனில் முதல் அசை குறில், இரண்டாவது நெடில், அழுத்தம் அந்த நெடிலில் விழும்: ஸ-தீ-வுஸ். தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் மெலிந்து ஒலிக்கும் என்பதால் இரட்டித்து 'ஸத்தீவுஸ்' என்று எழுதுகிறேன்; மூலத்தில் தகரம் ஒன்றுதான். இன்னொன்று: லத்தீன் ஈறுகள் 'உஸ்', 'உம்'. ஆனால் 'அல்லியும்' என்று எழுதினால் தமிழில் உம்மையாகப் படித்துவிடுவோம். அதனால் செடிப் பெயர்களில் பாடநூல் வழக்குப்படி அஸ், அம் என்றும், இலக்கணம் பேசும்போது மட்டும் உஸ், உம் என்றும் எழுதுகிறேன்.

பிறப்பு இப்படி. 'விதைக்கிறேன்' என்பதற்கு லத்தீன் வினை ஸெரோ. அதன் நான்கு முதன்மை வடிவங்கள்: ஸெரோ, ஸெரெரே, ஸேவி, ஸத்தும். வேர் 'ஸே'. விதை என்னும் ஸேமென், இறந்தகாலம் ஸேவி இரண்டிலும் அது நெடிலாகவே நிற்கிறது. நிகழ்காலத்தில் வேரின் முதலெழுத்து இரட்டித்து 'ஸிஸோ' போன்ற வடிவம் இருந்தது. உயிர்களுக்கு நடுவில் வந்த ஸகரம் ரகரமாகி ஸெரோ ஆயிற்று. இந்த ஸ-ர மாற்றம் லத்தீன் முழுவதும் உண்டு. பேரினத்தைக் குறிக்கும் 'கெனுஸ்' பன்மையில் 'கெனெரா' ஆவதும் இதனால்தான். செயப்பாட்டு எச்சத்தில் வேர் குறுகி 'ஸத்துஸ்', அதாவது விதைக்கப்பட்ட. அந்த எச்சத்தின் அடியோடு 'ஈவுஸ்' விகுதி சேர்ந்தால் ஸத்தீவுஸ்.

ஈவுஸ் என்ன செய்கிறது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். ஸத்துஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது: யாரோ ஒரு நாள் விதைத்தது. ஸத்தீவுஸ் வகையைச் சொல்கிறது: விதைத்து வளர்க்கப்படுகிற இனத்தைச் சேர்ந்தது. தமிழில் 'வளர்த்த நாய்', 'வளர்ப்பு நாய்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் வளர்த்த செயல் தெரிகிறது. இரண்டாவதில் இப்போது யாரும் வளர்க்காவிட்டாலும் அது காட்டு நாய் அன்று என்பது தெரிகிறது. அதே உறவுதான் ஸத்துஸுக்கும் ஸத்தீவுஸுக்கும். கப்துஸ் (பிடிபட்ட), கப்தீவுஸ் (கைதி) என்பதும் இதே அமைப்பு.

இலக்கணச் சொற்களிலேயே இந்த விகுதி நிறைய உண்டு. கொடுத்தலைக் குறிக்கும் வினையின் எச்சம் தத்துஸ். அதிலிருந்து தத்தீவுஸ், கொடை வேற்றுமை. நம் நான்காம் வேற்றுமைக்கும் கொடைதான் முதற்பொருளாகச் சொல்லப்படுகிறது. பெயரடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அத்யெக்தீவும். 'சேர்த்து வைக்கப்பட்ட' என்னும் எச்சத்தோடு அதே ஈவுஸ். பழைய லத்தீன் இலக்கணத்தார் பெயரடையைத் தனிச் சொல்வகையாக வைக்கவில்லை. 'சேர்க்கைப் பெயர்' என்று பெயர்ச்சொல்லுக்குள்ளேயே அடக்கினார்கள். அது பெயரைப் போலவே பால், எண், வேற்றுமை மூன்றையும் ஏற்பதால் அவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உங்கள் ஈறு மாற்றக் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அதைத் தாவரப் பெயர் விதிகளோடு சேர்த்து யாராவது எழுதினால் நல்லது.

ஏட்டுச்சுவடி:

ஒரு மாற்றுக் கருத்து. 'போதும்' என்னும் பொருளில் ஸத்திஸ் என்று ஒரு லத்தீன் சொல் உண்டே. வயிறு நிறைக்கும் பயிர் என்பதால் ஸத்தீவா என்று படித்திருக்கிறேன். விதைப்புத் தெய்வமான ஸாத்துர்னுஸ், அதாவது சனிக் கோளின் பெயரும், இதே வேர் என்பார்கள்.

வேரடி:

இரண்டும் பொருந்தாது. ஸத்திஸ், 'நிறைந்த' என்னும் ஸத்துர் ஆகியவற்றின் வேர் வேறு. தொடக்க எழுத்துகள் ஒத்திருப்பது தற்செயல். பயன்பாடும் எதிராக நிற்கிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினி தம் 37 நூல்கள் கொண்ட இயற்கை வரலாற்றில் ஸத்தீவுஸ் என்பதற்கு எதிர்ச்சொல்லாகத் திரும்பத் திரும்ப வைப்பது ஸில்வெஸ்த்ரிஸ், அதாவது 'காட்டில் வளர்வது'. ஒரே செடியின் பயிர்வகை, காட்டுவகை என்று பிரிக்கவே அவருக்கு இச்சொல் தேவைப்பட்டது. பசி பற்றிய பேச்சே இல்லை.

ஸாத்துர்னுஸை 'விதைப்பு' என்னும் ஸத்துஸோடு இணைத்தவர் ரோமானிய அறிஞர் வர்ரோ. அழகான விளக்கம்தான். ஆனால் ஸாத்துர்னுஸில் முதல் அசை நெடில், ஸத்துஸில் குறில். குறில் ஏன் நீண்டது என்று காட்ட வழியில்லை.

உண்மையான உறவுகள் இவை: விதைப்பு என்னும் ஸத்தியோ. இதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், குற்றாலத்துக்கு நாம் சொல்லும் 'சீசன்' ஆனது. விதைப்புக் காலமே பிறகு எந்தப் பருவத்துக்கும் பெயரானது. ஒட்டுப் போட்ட மரத்தைச் சொல்லும் இன்ஸித்தீவுஸும் உறவுதான். ரோமானியக் கவிஞர் ஹொராஸ் ஒட்டுப் பேரிக்காய்க்கு அந்த அடையைத்தான் பயன்படுத்துகிறார்.

அகராதியில் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 'கோக்கிறேன், தொடுக்கிறேன்' என்று பொருள்படும் இன்னொரு ஸெரோவும் உண்டு. நிகழ்கால வடிவம் ஒன்றே. பிரித்தறிய மற்ற வடிவங்களைப் பாருங்கள். விதைப்பதற்கு ஸேவி, ஸத்தும். கோப்பதற்கு ஸெருயி, ஸெர்த்தும். 'தொடர்' என்னும் ஸெரியெஸ் இரண்டாவதன் பிள்ளை.

புல்லிவட்டம்:

விதைத்தது என்றால் குங்குமப்பூ எப்படி? அது குரோக்கஸ் ஸத்தீவஸ். மும்மடியக் குரோமோசோம், 24. மலடு. விதையே கட்டாது, கிழங்கைப் பிரித்துத்தான் நடுகிறார்கள். பூண்டும் பல் ஊன்றித்தான் வருகிறது.

வேரடி:

நல்ல கேள்வி. தமிழில் விதைத்தல் வேறு, நடுதல் வேறு. லத்தீனின் ஸெரோ இரண்டையும் அடக்கும். மரக்கன்று வைப்பதற்கும் கொடி நடுவதற்கும் ரோமானியர் அந்த வினையைத்தான் சொன்னார்கள். ஆகவே பலகையில் பொருள் எழுதுவதாக இருந்தால் 'விதைக்கப்படும்' என்று எழுதாதீர்கள். 'பயிரிடப்படும்' என்பதே சரி. நெல்லுக்கும் பூண்டுக்கும் குங்குமப்பூவுக்கும் பிசகில்லாமல் பொருந்தும்.

மூலிகைத்தட்டு:

ஈறு பற்றி நான் எழுதுகிறேன். தோழி நடவுக்காரியின் ஊகம் பாதி சரி, பாதி ஆபத்து. பின்பெயர் ஒத்துப்போக வேண்டியது முன்பெயரின், அதாவது பேரினப் பெயரின், பாலோடு. அதன் கடைசி எழுத்தோடு அல்ல. பன்னாட்டுத் தாவரப் பெயரீட்டு விதித்தொகுப்பின் 23.5ஆம் விதி இதைத்தான் சொல்கிறது.

லத்தீனில் ஆண், பெண், இரண்டுமல்லாத நடுப்பால் என மூன்று. திணையோடு தொடர்பில்லை, கல்லும் நதியும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும். தமிழில் 'நல்ல' என்பது நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என எங்கும் மாறாது. நல்லவன், நல்லவள், நல்லது என்று பெயராகும்போதுதான் பால் காட்டும். லத்தீன் பெயரடை எப்போதுமே நல்லவன், நல்லவள், நல்லது போலத்தான் நடக்கும். ரஃபானஸ் ஆண்பால், எனவே ஸத்தீவஸ். ஒரைசா பெண்பால், ஸத்தீவா. அல்லியம் நடுப்பால், ஸத்தீவம். வெள்ளரி குக்குமிஸ் ஸத்தீவஸ்: முன்பெயர் 'இஸ்' என்று முடிந்தாலும் ஆண்பால், பின்பெயர் 'அஸ்'. கொத்தமல்லி கோரியாண்ட்ரம் ஸத்தீவம், கருஞ்சீரகம் நைஜெல்லா ஸத்தீவா.

புளியும் அரசும்: ரோமானியருக்கு மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். ஃபைகுஸ் 'உஸ்' என்று முடிந்தாலும் பெண்தான். அந்த மரபு தாவரவியலிலும் தொடர்கிறது. ஆகவே அரசு ஃபைகஸ் ரிலிஜியோசா, அத்தி ஃபைகஸ் ரெசிமோசா. டமரிண்டஸ் செம்மொழி லத்தீன் சொல்லே அல்ல. 'இந்தியப் பேரீச்சை' என்னும் அரபுத் தொடரிலிருந்து வந்தது. ஆனாலும் மரம் என்பதால், இந்த இருபெயர் முறையை நிலைநிறுத்திய தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெண்பாலாகக் கொண்டு இண்டிகா என்றே எழுதினார். அந்தப் பெயரில் 'இந்திய' என்பது இரண்டு முறை வருகிறது, ஒரு முறை அரபியில், ஒரு முறை லத்தீனில். தென்னையும் அப்படியே: கோகோஸ் என்பது பெண்பால், நூசிஃபெரா.

ஏட்டுச்சுவடி:

அப்படியானால் மரம் என்றாலே பெண்பால் என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா?

மூலிகைத்தட்டு:

கூடாது. மேப்பிள் மரத்தின் ஏசெர் நடுப்பால். ஏசெர் ரூப்ரம் என்றே வரும். மலைச்சரிவுகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். 'டென்ட்ரான்' என்று முடிவன எல்லாம் நடுப்பால். ஈறுகளைப் பற்றி 62ஆம் விதியில் தனிப் பட்டியலே உண்டு. 'போகான்' ஆண்பால்: எலுமிச்சைப்புல் சிம்போபோகான் சிட்ரேட்டஸ். 'ஆந்தஸ்' ஆண்பால். 'நெமா' நடுப்பால்.

இந்தக் கடைசி ஒன்றில்தான் நம்மவர்கள் அதிகம் விழுகிறார்கள். சிறுகுறிஞ்சான் ஜிம்னெமா. ஆகாரத்தில் முடிகிறது, பெண்பால் என்று நினைத்து ஸில்வெஸ்ட்ரிஸ் என்றும், இன்னும் ஒரு படி மேலே போய் ஸில்வெஸ்ட்ரா என்றும் எழுதுகிறார்கள். நெமா என்பது 'நூல், இழை' என்னும் கிரேக்க நடுப்பால் சொல். ஆகவே ஜிம்னெமா ஸில்வெஸ்ட்ரே. இதே செடிக்குத் தாவரவியலாளர் ரெட்ஸியஸ் முதலில் வைத்த பெயர் பெரிப்ளோகா ஸில்வெஸ்ட்ரிஸ், பெரிப்ளோகா பெண்பால். பேரினம் மாறியதும் ஈறு மாறியது. ஈச்சமரம் ஃபீனிக்ஸ் ஸில்வெஸ்ட்ரிஸ் என்பது சரி.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். ஸில்வெஸ்ட்ரிஸ் வேறு வாய்பாட்டுப் பெயரடை: ஆணுக்கும் பெண்ணுக்கும் 'இஸ்', நடுப்பாலுக்கு 'எ'. பீட்ரூட் பீட்டா வல்காரிஸ், சோம்பு ஃபீனிகுலம் வல்காரே. இஞ்சி ஸிஞ்சிபெர் நடுப்பால், ஆகவே ஒஃபிஸினாலே. 'எலிகன்ஸ்', 'ரெபென்ஸ்' போல 'ன்ஸ்' என்று முடிவன மூன்று பாலுக்கும் மாறா. மிளகு பைப்பர் நைக்ரம், கடுகில் ஒரு வகை பிராசிக்கா நைக்ரா. இதன் ஆண்பால் மட்டும் 'உஸ்' இல்லாமல் வெறும் 'நிகெர்'.

நடவுக்காரி:

வெங்காயம் பாக்கி.

மூலிகைத்தட்டு:

சீபா பெயரடை இல்லை. வெங்காயத்துக்கே உரிய லத்தீன் பெயர். பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர், 'மன்னன் பாரி' என்பது போல. தன் பாலை விட்டுக்கொடுக்காது. எனவே முதல் கேள்வி பாலைப் பற்றியது அல்ல. பின்பெயர் அடையா, பெயரா என்பதுதான். இதைத் தாண்டிப் போனால் சரியான பெயரையே திருத்திக் கெடுத்துவிடுவோம்.

பழைய நூல்களில் ஒரு தடயம் உண்டு. லின்னேயஸ் 1753 நூலில் பழைய செடிப்பெயர்களைப் பின்பெயராக வைக்கும்போது பெரிய எழுத்தில் தொடங்குவார். இன்று எல்லாமே சிறிய எழுத்து, ஆகவே பழைய பதிப்பைப் பார்த்தால் துலங்கும். ஆடாதோடை ஜஸ்டிசியா அடதோடா. ஆகாரத்தில் முடிந்தாலும் அது நம் பகுதியில் வழங்கும் நாட்டுப்பெயர், அடை அன்று. சீரகம் குமினம் சைமினம், மாதுளை பூனிகா கிரனாட்டம்: பின்பெயர் இரண்டும் பெயர்களே.

பயறுகளில் இது நன்றாகத் தெரியும். பாசிப்பயறும் உளுந்தும் முன்பு ஃபேசியோலஸ் என்னும் ஆண்பால் பேரினத்தில் இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் விக்னா என்னும் பெண்பால் பேரினத்துக்கு மாறின. ஃபேசியோலஸ் ரேடியேட்டஸ், விக்னா ரேடியேட்டா ஆனது. ஃபேசியோலஸ் முங்கோ, விக்னா முங்கோவாகவே நின்றது. முங்கோ நாட்டுப்பெயர், அசையாது. கிராம்பும் கேரியோஃபில்லஸ் அரோமேட்டிகஸாக இருந்து ஸிஸிஜியம் அரோமேட்டிகம் ஆயிற்று.

வேரடி:

மருந்து நூல்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைத் தொகுப்பில் பூண்டின் தலைப்பு 'புல்புஸ் அல்லீ ஸத்தீவி'; வெங்காயம் 'புல்புஸ் அல்லீ சீபை'. புல்புஸ் குமிழ்; மற்றவை ஆறாம் வேற்றுமை. அல்லியம் 'அல்லீ' ஆகிறது. ஸத்தீவி அதே நடுப்பால் ஒருமையைப் பின்தொடர்கிறது. சீபாவோ வேற்றுமையை மட்டும் ஏற்று, தன் பெண்பால் ஈற்றோடு 'சீபை' ஆகிறது. அடைக்கும் பெயருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை.

பலகைக்கு எழுவாய் வடிவம் போதும். பழைய லத்தீன் விளக்கங்களைப் படிப்பவர்களுக்கு மற்றவை தேவைப்படும்: 2012 தொடங்குவதற்கு முன் புதிய தாவரப் பெயருக்கு லத்தீன் விளக்கம் கட்டாயமாக இருந்தது, இப்போது ஆங்கிலமும் போதும். ஸத்தீவுஸின் ஒருமை, ஆண், பெண், நடு என்ற வரிசையில்:

எழுவாய்: ஸத்தீவுஸ், ஸத்தீவா, ஸத்தீவும்
உடைமை: ஸத்தீவி, ஸத்தீவை, ஸத்தீவி
கொடை: ஸத்தீவோ, ஸத்தீவை, ஸத்தீவோ
செயப்படுபொருள்: ஸத்தீவும், ஸத்தீவம், ஸத்தீவும்
நீங்கல்: ஸத்தீவோ, ஸத்தீவா (ஈறு நெடில்), ஸத்தீவோ

பன்மை எழுவாய் ஸத்தீவி, ஸத்தீவை, ஸத்தீவா. தவறு நேரும் இடங்கள் மூன்று. 'ஸத்தீவா' பெண்பால் ஒருமையாகவும் இருக்கும், நடுப்பால் பன்மையாகவும் இருக்கும். 'ஸத்தீவி' ஒருமை உடைமையா பன்மை எழுவாயா என்பது பக்கத்துச் சொல்லால்தான் தெரியும். 'ஸத்தீவும்' நடுப்பால் எழுவாய் என்று அவசரப்பட்டு முடிவு செய்தால், ஆண்பால் செயப்படுபொருளைத் தவறவிடுவீர்கள்.

புல்லிவட்டம்:

ஒரைசா என்பதே 'அரிசி'யிலிருந்து வந்தது என்று கால்டுவெல் எழுதியிருக்கிறாரே?

வேரடி:

எழுதியிருக்கிறார். ஆனால் கிரேக்கர் அச்சொல்லை ஈரானிய மொழி ஒன்றின் வழியே பெற்றிருக்க வேண்டும் என்பதே இன்று வலுவான கருத்து. பாரசீகத்தின் 'பிரிஞ்ஜ்' அந்தக் குடும்பம். ஈரானியச் சொல்லின் தொடக்கத்தில் இருந்த வகர-ரகரக் கூட்டு கிரேக்கத்தின் முன்னுயிரை விளக்குகிறது, 'அரிசி'யின் அகரம் விளக்கவில்லை. இஞ்சிக்கு நிலைமை வேறு. ஸிஞ்சிபெர் பாலி மொழியின் 'சிங்கிவேர' வழியாகக் கிரேக்கம் போனது. அதற்குள் நம் 'இஞ்சி', 'வேர்' இரண்டும் இருக்கின்றன என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

நடவுக்காரி:

பட்டியலைத் திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ரஃபானஸ் ஸத்தீவஸ், டமரிண்டஸ் இண்டிகா, ஜிம்னெமா ஸில்வெஸ்ட்ரே, எள் ஸெஸாமம் இண்டிகஸ், பம்ப்ளிமாஸ் சிட்ரஸ் மேக்ஸிமஸ், நீலகிரி ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் துணைச்சிற்றினம் நீலகிரிகா. கடைசியில் 'துணைச்சிற்றினம்' என்பதற்கான லத்தீன் சொல் பெண்பால் என்று பார்த்தேன், அதனால் ஆகாரம் போட்டேன்.

மூலிகைத்தட்டு:

முதல் மூன்றும் சரி. ஸெஸாமம் நடுப்பால், எனவே இண்டிகம். சிட்ரஸ் பெண்பால் மரம், எனவே மேக்ஸிமா.

கடைசியில் நீங்கள் தேடிப் பார்த்தது உண்மைதான், அந்தச் சொல் பெண்பாலே. ஆனால் துணைச்சிற்றினப் பெயரும் பேரினத்தின் பாலைத்தான் பின்பற்ற வேண்டும் என்று 24.2ஆம் விதி சொல்கிறது. நடுவில் வரும் தகுதிச் சொல் கணக்கில் வராது. ரோடோடென்ட்ரான் நடுப்பால், ஆர்போரியம் நடுப்பால், ஆகவே கடைசிச் சொல்லும் 'கம்'. எழுத்துக்கூட்டலும் கவனம்: முதலில் வெளியிட்டவர் எழுதியபடியே 'நிலகிரிகம்', நகரம் குறில் இகரத்தோடு. இதை 'நீல' என்று திருத்தாதீர்கள். பால் ஈற்றைத் திருத்த விதி கட்டளையிடுகிறது; அடிச்சொல்லை நம் விருப்பப்படி மாற்ற அனுமதி இல்லை.